ஜீவராணியின் நவம்பர்

ஜீவராணி முதலில் நாற்காலியைக் காட்டுவாள். வந்தவர் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும்வரை கணினிப் பக்கம் திரும்பமாட்டாள். பிறகு கையை நீட்டுவாள். "பேங்க் கடுதாசி, ஐடென்டிட்டி காட், வரிக் காயிதம். மூணையும் வைங்க. கதைய பொறகு சொல்லுங்க."

லிந்துலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு போட்டோக்கொப்பி இயந்திரமும் ஒரு மடிக்கணினியும்தான் அவளுடைய கடை. வயது ஐம்பத்திரண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டை. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் நூலால் கட்டியது. மார்ச்சோடு முடியும் வருடத்தின் வருமான விவரத்தை நவம்பர் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும். எட்டு மாத அவகாசம் இருந்தும் சனம் கடைசி வாரத்தில்தான் வரும். "தீவாளித் துணி மட்டும் ஒரு மாசத்துக்கு முன்னயே எடுக்கிறீங்க" என்று ஏசிக்கொண்டே எல்லோருடையதையும் முடித்துக் கொடுப்பாள்.

வருமான வரி இந்த நாட்டுக்கு வந்தது 1932இல். தேயிலைத் தோட்டத்தில் அது வெகுகாலம் துரை பங்களாவின் விஷயமாகவே இருந்தது. இப்போது வங்கியில் பணம் போட்டு வைத்த கொழுந்துக்காரியின் வட்டியிலும் வரியென்று ஒரு துண்டு வெட்டுகிறார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்று காட்டினால் அதைத் திரும்பக் கேட்கலாம். ஜீவராணியிடம் வருவோரில் பாதிப் பேர் இப்படிக் கேட்க வருகிறவர்கள்.

இந்த வருடம் முப்பதாம் திகதி, மத்தியானம் இரண்டு மணிக்கு ராசம்மா வந்தாள். கணவர் பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். முதுகில் படுக்கைப் புண். காற்று மெத்தை ஒன்று வேண்டும். வங்கியில் போட்டிருக்கும் அவளுடைய சேமலாபக் காசின் வட்டியில் வெட்டியது திரும்பி வந்தால் வாங்கலாம். விவரமெல்லாம் போன வாரமே நிரப்பியாயிற்று. அதை அனுப்புவதற்கு வரி ஆபீசிலிருந்து தபாலில் வரும் இரகசிய எண் ஒன்றுதான் பாக்கி.

"காயிதம் எங்கக்கா?"

"வேணாம்னு சொல்லிட்டேன் தங்கச்சி."

தபால்காரர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். காலைப் பெரட்டில், வேலைக்குக் கூடி நிற்பவர்கள் முன்னால், பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். முந்தாநாள் கிளாக்கர், "ராசம்மா, இன்கம் டெக்ஸ்!" என்று கூப்பிட்டிருக்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவள், "என்னோடது இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"வரி கட்டுறவன்னு பேர் வந்தா கவுருமெண்டு குடுக்குற அஸ்வெசும காச நிப்பாட்டிருவாங்களே."

"இது கட்டுற காயிதம் இல்லக்கா. வெட்டுனத திருப்பிக் கேக்குற காயிதம்."

ஜீவராணி ஆபீசுக்குப் போன் போட்டாள். அவங்களே வந்து கையெழுத்து வைக்கணும், நாலரைக்குப் பூட்டிருவோம் என்றார் கிளாக்கர். கடையில் ஏழு பேர் காத்திருந்தார்கள். "ஆறு மணிக்கு வாங்க, எல்லாத்தையும் இன்னைக்கே முடிப்பேன்" என்று சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டு, மடிக்கணினியும் கையுமாக ராசம்மாவோடு ஆட்டோவில் ஏறினாள்.

அவர்கள் போய் இறங்கியது கொழுந்து நிறுக்கிற நேரம். ஆபீஸ் வாசல்வரை வரிசை. அதில் நின்ற ஒருத்தி ராசம்மாவைக் கண்டதும் சிரித்தாள்.

"என்னக்கா, டெக்ஸ் கட்டுற ஆளாகிட்டீங்களாமே? எங்களுக்குக் குடிக்க ஒரு பிளேன்டி வாங்கிக் குடுங்க!"

ராசம்மா படியில் நின்றுவிட்டாள். திரும்பி ஆட்டோவைப் பார்த்தாள்.

"உள்ள போங்கக்கா. மெத்தைய இவங்களா கொண்டாந்து போடப் போறாங்க?" ஜீவராணியின் குரலில் இரக்கம் எதுவும் இல்லை.

கிளாக்கர் கடிதத்தை மேசையிலேயே வைத்துக்கொண்டு, "ஒங்களோடது இல்லன்னீங்களே?" என்றார்.



"என்னோடதுதாங்க" என்றாள் ராசம்மா. இரண்டாவது தடவை சத்தமாகவே சொன்னாள். பிறகு குனிந்து கையெழுத்திட்டாள்.

கடிதத்தோடு அவள் ஆட்டோவுக்கு வந்தபோது நாலைந்து பெண்கள் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்கள். மழை இல்லை. ஜீவராணி ஆட்டோவில் அவர்கள் நின்ற பக்கத்து மழைப் படுதாவை இறக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, மடிக்கணினியை மடியில் திறந்தாள்.