கேட் பாஸ் இல்லாத ஐஸ் பெட்டி

ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் பட்டம், கூட ஐஸ் பெட்டி தூக்குறவங்களுக்குத் தோள்வலி. யுனிவர்சிட்டி சுகாதாரத் துறையில லேப் டெக்னீஷியனா குப்பை கொட்டுற என் சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஒரே ஷிப்ட்

நித்யா எங்க பிஎச்.டி. மாணவி. பாத்ரூம் போனா சூப்பர்வைசர் திட்டுவாருன்னு, கம்பெனிப் பொண்ணுங்க தண்ணியே குடிக்காம லைன்ல நிக்கிறாங்க இல்லையா, அதனால கிட்னி என்ன பாடுபடுதுங்கறதுதான் அவ ஆராய்ச்சி. கடைசியா கொடுத்த அவகாசமும் முடியப்போகுது. இந்த சாம்பிள் கிடைக்கலன்னா பட்டம் அவ்ளோதான்.

நாயா அலைஞ்சு, ஜூஜுவாடி பக்கத்துல ஒரு கம்பெனியில அனுமதி வாங்கினா. காரணம் தெரிஞ்சா பொண்ணுங்க பழக்கத்தை மாத்திக்குவாங்கன்னு, வெறும் யூரின் டெஸ்ட்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருந்தோம். ஹெச்.ஆர். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "இன்னிக்கு ஒரு ஷிப்ட்தான் மேடம். நாளைக்கும் வந்து நின்னீங்கன்னா என் வேலை போயிரும்."

பாஸா, ஃபெயிலா?

கப்பு ஒவ்வொண்ணா வந்துச்சு. தண்ணி குடிக்காதவங்களுக்குக் கடும் மஞ்சளா வரணும். எல்லாம் பச்சைத் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு! நித்யா மூஞ்சி செத்துப்போச்சு. "என்னக்கா இது?"ன்னு என் கையைப் பிடிச்சா.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த மஞ்சுளாதான் அந்த லைனுக்கே தலைவி. அவளைக் கேட்டேன். அவளுக்கு ஒரே பெருமை: "டெஸ்ட்டுன்னா பாஸாக வேணாமாக்கா? காலையிலிருந்து எல்லாரும் பாட்டில் பாட்டிலா குடிச்சோம். நீங்க இருக்கீங்கன்னு சூப்பர்வைசரும் வாயே திறக்கல!"

அடப்பாவிங்களா! எனக்குக் கோபமும் வருது, அந்தப் பாசத்துக்கு முன்னாடி திட்டவும் வாய் வரல.

ஆகல்லம்மா

சரி, இருக்கறதையாவது கிருஷ்ணகிரி லேபுக்குக் கொண்டு போவோம்னு கிளம்பினா, கேட்ல செக்யூரிட்டி மறிச்சுட்டாரு. பெட்டிக்குள்ள ஐஸ் கரையுது, நித்யா ஓரமா நின்னு கண்ணைத் துடைக்கிறா. "ஐயா, இதுல இருக்கறது மூத்திரம். உங்க கம்பெனி சரக்கு ஒண்ணுமில்ல"ன்னு கத்தியே விட்டேன். மனுஷன் அசையல.

"ஆகல்லம்மா, விட முடியாது. கம்பெனிக்குள்ள உற்பத்தியானது எது வெளிய போனாலும் கேட் பாஸ் வேணும்."

ஷிப்ட் பஸ்

பாஸ் வர்றதுக்குள்ள ஷிப்ட் விட்டாச்சு. பஸ்ஸுக்கு ஓடுன மஞ்சுளா, நித்யா அழுறதைப் பார்த்துட்டு நின்னுட்டா. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? நித்யா எல்லாத்தையும் சொல்லிட்டா.

மஞ்சுளா கையில இருந்த தண்ணி பாட்டிலைப் பார்த்தா. அப்புறம், "அதான் இன்னிக்கு மத்தியானம் தலைவலியே வரலியா?"ன்னா. வேலைக்குச் சேர்ந்ததுலிருந்து தினமும் வர்ற தலைவலியாம். பின்னாடி நின்ன பொண்ணுங்களும் எனக்கும் வரல, எனக்கும் வரலன்னாங்க. நித்யா அழுகையை நிறுத்திட்டு நிமிர்ந்தா. குடிச்ச நாள் சாம்பிள் பெட்டியில இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, குடிக்காத நாள் சாம்பிளுக்கு எங்க போறது?

டிரைவர் ஹாரன் அடிச்சாரு. படியில ஏறிக்கிட்டே மஞ்சுளா சொன்னா: "நாளைக்கு எங்க ஹாஸ்டலுக்கு வாங்க மேடம். குடிங்கம்மான்னு நீங்களே சொன்னாலும், நாளைக்கு எங்களைக் குடிக்க விடமாட்டாங்க."

நித்யா இப்ப டாக்டர் நித்யா, மஞ்சுளா இன்னும் அதே லைன்ல நிக்கிறா, நான் அதே பெட்டியைத்தான் தூக்குறேன். ஆனா தோள்வலின்னு வாயைத் திறக்க எனக்கு இப்ப வெட்கமா இருக்கு.