மாடிக் கொடியும் கீழ்வாசலும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூடியிருந்தவர்கள் அப்பா, அம்மா, அத்தை, நான். வராதவர் கீழே குடியிருந்த பர்மிய வைத்தியர். பேச்சு முழுக்க அவரைப் பற்றியதுதான்.

ரங்கூனில், கியாக்டடா பேட்டைக்குக் கிழக்கே ஒரு தெருவில் இருந்த அந்தப் பலகை வீடு எங்களுடையது. அப்பா அரிசி ஆலையில் மேஸ்திரி. நாங்கள் ஆலைக் குடியிருப்பிலேயே ஒண்டிக்கொண்டு, வட்டிக்கடையில் கடன் வாங்கியும், அப்பாவின் அக்காவான அத்தை கழற்றிக் கொடுத்த சங்கிலியை விற்றும் அதை வாங்கியிருந்தோம். அதனால் மாடியில் அத்தை குடும்பத்துக்கு வாடகை இல்லை. வைத்தியர் தரும் இருபத்தைந்து ரூபாய் அப்படியே வட்டிக்குப் போகும். அவர் காலி செய்தால் வீடு கைவிட்டுப் போய்விடும்.

காலி செய்யப்போவதாகத்தான் அவர் சொல்லியிருந்தார். காரணம், அத்தை மாடி முகப்பில் கட்டிய துணிக்கொடி. சேலையும் பாவாடையும் சரியாக வாசலுக்கு மேலே தொங்கும். பெண்கள் உடுத்திய துணிக்கு அடியில் பர்மிய ஆண்பிள்ளை நடக்கமாட்டான். தன் மேன்மை குன்றிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் சங்கடமான பேச்செல்லாம் என் தலையில்தான் விடியும்.

"அத்தை, கொடியைப் பின்பக்கம் கட்டிக்கலாமே," என்றேன்.

"அந்தச் சாக்கடைச் சந்து நாத்தத்துலயா? நீ படிச்ச பள்ளிக்கூடத்துல மூக்கை அறுத்துட்டானுவளா?"

"இல்ல அத்தை, அவங்க வழக்கம்..."

"வழக்கமாம்! என் சீலையப் பாத்து ஓடுற வைத்தியன், பேய் புடிச்சவனுக்கு என்னத்தடா மருந்து குடுப்பான்?"

அம்மா வாய்க்குள் சிரித்தாள். அப்பா மெல்ல, "அக்கா, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாத. சங்கிலி கெடந்த கழுத்து இது." அத்தை கழுத்தைத் தடவிக் காட்டினாள். "அவ்வளவு குறையிருந்தா அந்த ஆளு மேல வந்து சொல்லட்டுமே. கூப்பிட்டு விட்டும் வரல பாத்தியா? மருவாதி தெரியுதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடிப்படி தெருப்பக்கம் இருந்தது. எந்தக் கொடிக்கு அடியில் நடக்கமாட்டேன் என்றாரோ, அதற்கடியில் நடந்து வந்து முறையிடும்படி அவரை அழைத்திருந்தோம்.

நான் இறங்கிப் போனேன். வைத்தியர் பின்வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக லுங்கியைத் தூக்கிப் பிடித்துச் சாக்கடையைத் தாண்டித்தான் வெளியே போய்வருகிறாராம். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?" என்று பர்மிய மொழியில் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "தலைக்கு மேலே தொங்குவதை வாடகையில் கழிக்க முடியுமா, தம்பி?"

அன்று எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ, முழங்கால் வலித்தது. மேலே சொன்னதைக் கீழேயும், கீழே சொன்னதை மேலேயும், பாதி வசவைப் படியிலேயே உதிர்த்துவிட்டுக் கொண்டுபோனேன். கடைசியில், பக்கச் சுவரை அறுத்து வைத்தியருக்குத் தனி வாசல் வைப்பது என்று முடிவாயிற்று. சீனத் தச்சர் வந்து நிலையும் கதவும் படியும் வைத்தார். வைத்தியர் தங்கிவிட்டார்.

அத்தைக்குத்தான் ஆறவில்லை. "என் சீலைக்கு ஒருத்தன் ஒதுங்கிப் போறதுக்கு என் தம்பி சுவத்தையே அறுத்தான்," என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பிறகு சங்கிலி விற்ற பணத்தைத் திருப்பிக் கேட்டாள். அப்பா மறுபடி கடன் வாங்க அதே வட்டிக்கடைக்குப் போனார்.

பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகாவது மாடிக்கு வாடகை கேட்கலாம். நான் கேட்கட்டும் என்று அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அலுத்துப் போயிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொடி அங்கேயேதான் இருந்தது, அன்றைக்கு நனைத்த சேலையோடு.

வாசலுக்கு முப்பத்தெட்டு, சங்கிலிக்கு நூற்றிருபது. ஆக, அந்தக் கொடிக்கு நூற்றைம்பத்தெட்டு ரூபாய்.