பழனியம்மாள் என்று ஒரு கம்ப்யூட்டர்

போன வாரம் கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சத்தியமங்கலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து யாரோ "பிரியா... பிரியா..." என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும்? என் பெயர் பிரியா இல்லை. இந்தப் பத்தியின் தலையில் வாராவாரம் என் பெயரைப் பார்க்கிற உங்களுக்கே அது தெரியும்.

மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு அந்த ஆள் என் முன்னால் வந்து நின்றார். சென்னியப்பன். முன்பு நான் வேலை பார்த்த துணி ஏற்றுமதி கம்பெனியின் மேனேஜர்.

"ஏனுங் அம்மணி, கூப்பிடக் கூப்பிடக் காதுலயே வாங்கலையே?"

"என் பேரு பழனியம்மாளுங்க" என்றேன்.

ஏதோ சிரித்து மழுப்பினார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, அன்னூர் தாண்டிய பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. இவ்வளவு நடந்த பிறகுமா இந்த மனிதருக்கு நான் பிரியா?

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அவிநாசி ரோட்டில் அந்தக் கம்பெனியின் ஹெட் ஆபீஸ். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நான் ஒருத்திதான். வேலையில் சேர்ந்த முதல் நாளே சென்னியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாக ஒரு விஷயம் சொன்னார். முதலாளியின் அம்மா பெயரும் பழனியம்மாளாம். அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தியை வேலை ஏவினால் நன்றாகவா இருக்கும்? அதனால் ஆபீஸில் என்னைப் பிரியா என்று கூப்பிடுவார்களாம்.

தலையாட்டினேன். இருபத்திரண்டு வயது. முதல் வேலை. வேறென்ன செய்ய?

ஒரு மாதம் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். முதலாளியின் அப்பா பெயர் சின்னச்சாமி. எங்கள் கேஷியர் பெயரும் சின்னச்சாமி. அவரை எல்லோரும் சின்னச்சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு யாரும் ரமேஷ் என்றோ சுரேஷ் என்றோ பெயர் மாற்றவில்லை. அவர் முதலாளிக்குப் பங்காளி முறை. நான் வெள்ளகோவில் பக்கத்தில் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போனவரின் மகள்.

புரிகிறதல்லவா? எனக்கும் புரிந்தது. புரிந்தும் இரண்டு வருடம் பிரியாவாகவே இருந்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

அப்புறம் லினக்ஸ் வந்தது. லினக்ஸ் என்றால் புது சோப்பா என்று கேட்டவர்கள் எங்கள் ஆபீஸிலேயே உண்டு. சோப்பு இல்லை — கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள். பல்லடம், வெள்ளகோவில், சத்தியமங்கலம் என்று எங்களுக்கு இருந்த ஆறு கிளைகளுக்கும் தலா ஒரு லினக்ஸ் மெஷின் அனுப்பி, போன் லைன் வழியாக ஹெட் ஆபீஸோடு மெயில் போக்குவரத்து வைத்துக்கொள்வது திட்டம்.

வெளியூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார். ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து நூறு கேள்விக்குப் பதில் தட்ட வேண்டாம் என்றார். ஒரு பிளாப்பியைப் போட்டு ஆன் செய்தால் போதும். மீதி எல்லாவற்றையும் அது நெட்வொர்க் வழியாக ஹெட் ஆபீஸ் மெஷினிலிருந்து எடுத்துத் தானாகவே இன்ஸ்டால் செய்துகொள்ளும். செய்தும் காட்டினார். எங்களுக்கு ஒரே பிரமிப்பு. முதல் மூன்று மெஷின்களை அப்படியே தயார்செய்து கிளைகளுக்கு அனுப்பிவிட்டு, ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஒன்றே ஒன்றை மறந்துவிட்டார். மெஷின்களுக்குப் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைக்காத லினக்ஸ் மெஷின் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பெயர், 'லோக்கல்ஹோஸ்ட்'. நம் பாஷையில் சொன்னால் 'நான்தான்'. கதவைத் தட்டுகிறவரை யாரென்று கேட்டால், வெளியே இருந்துகொண்டு 'நான்தான்' என்பாரே... அதே பதில். மூன்று மெஷினும் அதே பதிலைச் சொன்னன.

அடுத்த வாரம் பல்லடம் தறி ஷெட்டிலிருந்து ஃபோர்மேன் ஒரு மெயில் அனுப்பினார். புதிதாக வந்த நூலின் நிறம் பழையதோடு சேரவில்லை, ஓட்டட்டுமா நிறுத்தட்டுமா என்று கேட்டிருந்தார். உடனே நிறுத்தச் சொல்லி ஹெட் ஆபீஸிலிருந்து பதில் போனது. போனது என்று நாங்கள் நினைத்தோம். மெயில் வந்த முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்'. எங்கள் ஹெட் ஆபீஸ் மெஷினுக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அது தன்னையே குறிக்கும். பதிலை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பல்லடத்தில் பதில் வராததால் ஓட்டச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் ஷெட் முழுக்கத் தறி ஓடியது. துணி பட்டை பட்டையாக வந்தது. எந்த வெளிநாட்டுக்காரன் வாங்குவான்?

முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். சென்னியப்பன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "பிரியா சரியாப் பார்க்கலீங்க."

செய்தது கன்சல்டன்ட். பழி பிரியாவுக்கு. யார் அந்தப் பிரியா? எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே அப்படித் தோன்றியது — இல்லாத ஒருத்தியின் மேல் எதை வேண்டுமானாலும் சுமத்தலாம்.

அனுப்பிய மூன்றையும் திரும்ப வரவழைத்து, ஆறையும் ஒரே வாரத்தில் சரி செய்யச் சொன்னார் முதலாளி. நான் மேனுவலோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறவியிலேயே ஒரு எண் உண்டு. இன்னொரு கார்டுக்கு அந்த எண் வராது. அந்த எண்ணையும் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதி, ஹெட் ஆபீஸ் மெஷினில் ஒரு பட்டியல் வைத்தேன். புது மெஷின் எழுந்து நான் யார் என்று கேட்டால், இது எண்ணைப் பார்த்து நீ பல்லடம் என்று சொல்லும்.

முதல் நாள் வெள்ளகோவில் மட்டும் மறுபடியும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே எழுந்தது. அந்த எண்ணில் ஆங்கில எழுத்தும் கலந்திருக்கும். கார்டில் ஒட்டியிருந்த பொடி எழுத்தில் B-யை நான் 8 என்று படித்திருந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. திருத்தினேன். மூன்றாம் நாள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'வெள்ளகோவில்' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றபோது... என் ஊர்ப் பக்கத்துப் பெயர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் சென்னியப்பன் வந்தார். கிளைகளுக்கு ஊர்ப் பெயர் சரி, ஹெட் ஆபீஸ் மெஷினுக்கு முதலாளியின் அம்மா பெயரை வைக்கச் சொல்லி உத்தரவாம்.

அதாவது, பழனியம்மாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியாது. எழுந்து நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். சென்னியப்பன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அந்தப் பேரைச் சொல்லி வேலை ஏவக்கூடாதுன்னுதானுங்க என்னையப் பிரியா ஆக்குனீங்க. இந்த மெஷினை நாள் முச்சூடும் அந்தப் பேரை அடிச்சுத்தானுங்க வேலை ஏவோணும். அது பரவாயில்லீங்களா?"

முதலாளி பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பன்தான் முந்திக்கொண்டார்.

"மெஷினும் நீயும் ஒண்ணா?"

இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் 'ங்க' போட மறந்தார்.

"இல்லீங்க. அது பேரில்லாம வந்துச்சு. நான் பேரோட வந்தேன்."

கடைசியில் முதலாளி, மெஷினுக்கு வேறு பெயர் வைத்துவிடச் சொன்னார். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வழியில் அவருக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கொண்டார்.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? அழுகை வந்தது. அழவில்லை. ஹெட் ஆபீஸ் மெஷினுக்குக் 'கோவை' என்று பெயர் கொடுத்தேன். அடுத்து, மெயில் அனுப்புகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெயர் பதிய வேண்டும். அதுவும் என் வேலைதான். மேனேஜர், கேஷியர், ஸ்டோர்ஸ் என்று வரிசையாக அடித்துக்கொண்டே வந்தேன். என் முறை வந்தது.

பழனியம்மாள் என்று அடித்தேன். ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல்.

ஆறு மெஷினும் கிளைகளுக்குப் போயின. எந்தக் கிளையில் என்ன சிக்கல் என்றாலும் 'கோவை'யிலிருந்து பழனியம்மாள்தான் பதில் எழுதினாள். இரண்டாம் நாளே சென்னியப்பன் அதை மாற்றச் சொல்லி வந்து நின்றார்.

"மாத்தத் தெரியுமுங்க. மாத்த மாட்டேனுங்க."

வேலையை விட்டே தூக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டு முதலாளியிடம் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. என்னைத் தூக்கவில்லை. மனசாட்சியா, அந்தப் பட்டியல் வேறு யாருக்கும் புரியாது என்ற பயமா? பயம்தான் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதில் வருத்தமில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கிளைகளில் இருந்தவர்களுக்கு என் முகம் தெரியாது, பிரியாவையும் தெரியாது. மெயிலில் பார்த்த பெயரைச் சொல்லித்தான் போனில் கேட்டார்கள். பல்லடம் ஃபோர்மேன் தினமும் ஆபரேட்டரிடம் பழனியம்மாள் இருக்காங்களா என்பார். முதலில் ஆபரேட்டர் மாறினாள். பிறகு ஸ்டோர்ஸ். ஆடி முடிவதற்குள் கேஷியர் சின்னச்சாமியும் மாறிவிட்டார். சென்னியப்பன் மட்டும் மாறவில்லை. இன்னும் மாறவில்லை என்பதைத்தான் போன வாரம் பார்த்தேனே.

முதலாளி? அவர் எந்தப் பெயரும் சொல்லாமல் "ஏனுங்"கிலேயே நாலு மாதம் ஓட்டினார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற அவசரம். பல்லடத்திலிருந்து பேக்கிங் லிஸ்ட் வர வேண்டும், வரவில்லை. முதலாளியே கம்ப்யூட்டர் ரூம் வாசலுக்கு வந்தார். உள்ளே நானும் ஸ்டோர்ஸ் ஆட்கள் நாலு பேரும் இருந்தோம். "ஏனுங்" என்றால் ஐந்து பேரும் திரும்புவோம்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பழனியம்மா... பல்லடத்து மெஷின் பேச மாட்டேங்குதாட்ட இருக்குது. கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். மோடம் ஒயர் கழன்றிருந்தது. பல்லடத்துக்குப் போன் போட்டுச் சொருகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் லிஸ்ட் வந்துவிட்டது.

அப்புறம் முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கு வெந்துபோகவில்லை. மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டார்.