மாணிக்கம் சார் வில்லனாக நடித்த படம்

படப்பிடிப்பு விளக்குகள் சூடேறும்போது, இஸ்திரிப் பெட்டியைத் துணியின்மேல் வைத்து மறந்துவிட்டால் வருமே, அப்படி ஒரு கருகல் வாசனை வரும். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆய்வகம் முழுக்க அந்த வாசனைதான் நிறைந்திருந்தது. ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ் ஏறி, முந்திரிக்காட்டையும் தென்னந்தோப்பையும் தாண்டி வந்தால் எங்கள் ஊர். அங்கே தொலைக்காட்சிக்காக ஒரு படம் எடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கியிருந்தது. அவர்கள் அதை "டெலிபிலிம்" என்றார்கள். ஊரில் எல்லோருக்கும் அது "சூட்டிங்".

வேறொருவர் பெயரில் கிராமத்துப் பள்ளிக்கு வேலைக்கு வரும் ஒரு கொடிய ஆசிரியரைப் பற்றிய படம் அது. அவர் யார் என்பது ஒரு மாணவிக்குத் தெரிந்துவிட, அவர் அவளைக் குறிவைக்கிறார். ஆனால் படமெடுக்கும்போது இந்தக் கதை எங்களில் யாருக்கும் தெரியாது. ஆசிரியராக நடிக்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போய் அவர் வரவில்லை என்பதும், டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் என்பதும் மட்டும் தெரியும். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தோடு மாணிக்கம் சார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

மாணிக்கம் சார் எங்களுக்கு சமூக அறிவியல் எடுப்பவர். அவர் பிரம்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்காத அளவுக்கு மெல்லிய குரல். டைரக்டர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். சார் கூச்சத்தோடு சிரித்தார். அவ்வளவுதான், அன்று மதியமே பவுடர் பூசி அவரை விளக்குகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். வேடிக்கை பார்க்க நின்ற பிள்ளைகளில் முன்னால் நின்றவள் நான் என்பதால், அந்த மாணவி நானானேன்.

சார் ஆய்வகத்து ஜன்னல் வழியே என்னைப் பார்த்துச் சிரிக்கும் காட்சி ஒன்று. டைரக்டர் அவரிடம், "நடிக்கவே வேணாம் சார், மனசுக்குள்ள எதையாவது சொல்லிக்கிட்டே பாருங்க, சொல்லி முடிச்சதும் லேசா சிரிங்க, போதும்" என்றார். அப்படி என்ன சொல்லிக்கொண்டார் என்று அறிய எனக்கு ஒரே துடிப்பு. டீ இடைவேளையில் கேட்டேன். இமயமலையில் பிறக்கும் நதிகளை வரிசையாகச் சொன்னதாகவும், ஒன்றுகூட விட்டுப்போகாத சந்தோஷத்தில் சிரித்ததாகவும் சொன்னார்.

நான் பயப்படும் காட்சியை மறுநாள் காலையில் எடுத்தார்கள். சார் அப்போது அங்கே இல்லவே இல்லை. ஒரு கம்பில் துண்டைக் கட்டி நட்டுவைத்து, அதைப் பார்த்துப் பயப்படச் சொன்னார்கள். ஒரு நாள் சிரித்த சிரிப்பையும் இன்னொரு நாள் பயந்த பயத்தையும் வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்து யோசித்து எனக்கு அந்த விடுமுறையே போய்விட்டது.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் ஒளிபரப்பானது. தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. திரையில் ஜன்னல் வந்தது, சாரின் முகம் வந்தது, கம்பியை இழுத்து அறுப்பதுபோல ஓர் இசை எழுந்தது. சார் சிரித்தார். உடனே என் முகம், துண்டைப் பார்த்த அதே முகம். அந்த நதிகளின் கதை தெரிந்த எனக்கே முதுகு சில்லிட்டது. கடைசியில் என்னை ஆய்வகத்துக்குள் வைத்துப் பூட்டித் தீ வைத்துவிடுகிறார் சார். கதவிடுக்கில் புகை வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையை அம்மா வலிக்கும்படி பிடித்துக்கொண்டார்.

மறுநாளே விளைவு தெரிந்தது. சார் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும் செல்வி என்ற பெண் அலறி அழுதாள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து அந்த ஆண்டுதான் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. இன்னும் நாலைந்து பிள்ளைகளும் வரவில்லை. துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவளுடைய அப்பா தலைமையாசிரியையைப் பார்க்க வந்தார். சத்தம் போடவில்லை. வராந்தாவில் நின்ற எங்கள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "நடிப்புன்னு எனக்கும் தெரியுதுங்க டீச்சர். ஆனா உள்ளுக்குள்ள இல்லாம அப்புடி ஒரு சிரிப்பு வருமா?"

தலைமையாசிரியை ஆறாம் வகுப்பிலிருந்து சாரை மாற்றினார். அப்படியும் செல்வி வரவில்லை. அவளுடைய அக்காவும் ஆறாவதோடுதான் நின்றவள். இவளையும் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது என்று செய்தி வந்தது. சார் வகுப்பில் சிரிப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். பாடம் நடத்தும்போது பலகையைப் பார்த்தே பேசினார்.

அந்த வாரக் கடைசியில் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "கலா, அந்தப் புள்ளய நா போயி கூப்புட்டா வராது. நா கொன்னது ஒன்னயத்தான? நீ போயி அது முன்னாடி நில்லும்மா" என்றார். வேடிக்கையாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் கண்கள் கலங்கியிருந்தன.

சாயங்காலம் பள்ளி விட்டதும் தலைமையாசிரியையும் நானும் கண்மாய்க்கரை வழியே நடந்தோம். சார் வெகுதூரம் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, குடியிருப்புக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். செல்வி அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. பெரிய வகுப்புகள் வேறு கட்டடத்தில் என்பதால் அவள் என்னைப் பள்ளியில் பார்த்திருக்கவே இல்லை. அவளைப் பொறுத்தவரை நான் செத்துப்போனவள். மெதுவாக வந்து என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுட்டுச்சாக்கா?" என்றாள்.

இல்லை என்றேன். அது தேங்காய் மட்டையைத் தட்டில் போட்டு மூட்டிய புகை என்றும், கதவு எரிவதுபோல எடுத்தபோது நான் வேப்பமரத்தடியில் பன் தின்றுகொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். அப்படியானால் சார் எங்கே இருந்தார் என்று கேட்டாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார் என்றேன். கம்பில் கட்டிய துண்டைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் அவள் அப்பா கேட்ட அதே இடத்துக்கு வந்து நின்றாள்: "அப்ப அந்தச் சிரிப்பு?"

நதிகளைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. தூரத்தில் நின்ற சாரைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் நடந்துபோய் நின்று, அதைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள் என்றாள். நான் கூவிச் சொன்னதும் சார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். இந்தமுறை வாய்விட்டே சொன்னார். சிந்துவில் தொடங்கி பிரம்மபுத்திராவில் முடித்தார். முடித்ததும் சிரித்தார். சாயங்கால வெயிலில், இசை எதுவும் இல்லாமல், முன்பல் ஒன்று லேசாகக் கோணிய ஒரு மனிதரின் சிரிப்பாக அது இருந்தது. செல்வி திருப்பிச் சிரிக்கவில்லை. ஆனால் ஓடவும் இல்லை. பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா, "திங்கக்கிழமையிலேருந்து அனுப்புறேன் சார்" என்றார்.

அனுப்பினார். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். சார் மறுபடியும் ஆறாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது, செல்வி அரையாண்டுப் பரீட்சை வரை கடைசி பெஞ்சில், கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். சார் அவளை ஒருநாளும் முன்னால் வரச் சொன்னதில்லை. பிறகு அவளாகவே வந்தாள். பத்தாவது வரை எங்கள் பள்ளியில்தான் படித்தாள்.

இப்போது புதுக்கோட்டையில் இருக்கிறேன். அந்தப் படத்தை இணையத்தில் தேடித் தேடி ஓய்ந்துவிட்டேன். ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தொலைக்காட்சி நிலையத்தில் விசாரித்தபோது, அந்தக் காலத்து நாடாக்களை அழித்து அவற்றின்மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிடுவார்கள் என்றார்கள். ஆய்வகத்தையும் இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது குளிரூட்டிய கணினி அறை இருக்கிறது. நான் தீயில் செத்த கதையை என் மகள் இன்றுவரை நம்பவில்லை.

போன மாதம் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். ஓய்வுபெற்று வெகுகாலமாகிவிட்டது, குரல் இன்னும் மெலிந்திருந்தது. படம் எங்கேயும் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். கிடைக்காமல் போனதும் நல்லதுதான் என்றார். அவரும் அதை முழுதாகப் பார்த்ததில்லையாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று டி.வி. முன்னால் உட்காரவில்லையா என்று கேட்டேன்.

"ஒக்காந்தேம்மா. அந்தச் சிரிப்பு வந்தப்ப எம் மக திரும்பி என்னயப் பாத்தா. அப்பறம் நா படத்தப் பாக்கல. அவ மொகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."