தீ தெரியாத அடுப்பு

எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தது என் கணவரின் அக்கா. வைத்தது நியாயம்தான். கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்த முதல் வாரம், கொல்லையில் சேலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. இடி என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வாசலுக்கு ஓடி வந்தால், தெருப்பெண்கள் அத்தனை பேரும் வெளியே வந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அழவில்லை, கத்தவில்லை. புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலைக்கு ஆள் அனுப்பியிருந்தவர்கள் மட்டும் செருப்புக்கூடப் போடாமல் நடக்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் உள்ளே போய் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள்.

நான் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் ஊரில் பயப்படுவதற்குக் கடல் இருந்தது. ஆனால் அது இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். இங்கே அப்படி இல்லை. அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்ட பயம், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் கூடவே இருந்தது.

வீட்டில் என் கணவர் அச்சாபீஸில் வேலை பார்த்தார். அவர் தம்பி, என் கொழுந்தன், நாரணாபுரத்தில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் கம்பெனி வாசலில் நின்று, வருகிற ஆட்களின் மடியையும் இடுப்பையும் தடவி, தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கொல்லை வழியாகத்தான் வருவார். கிணற்றடியில் குளித்து, வேலைத்துணியை அங்கேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். குளித்த பிறகும் அடுப்பங்கரைக்குள் வரமாட்டார். நிலைப்படியில் நின்றபடி கையை மட்டும் நீட்டி காபியை வாங்கிக்கொள்வார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லார் கையிலும் மெழுகுவத்தி இருக்கும்போது அவர் மட்டும் வெறுங்கையோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் வீட்டில் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். அவர் இருக்கிற இடத்தில் தீ வராது என்று நம்பினேன்.

அந்தக் கரண்ட் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். என் கணவரின் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது, தன் மேஜைமேல் வைத்திருந்த கரண்ட் அடுப்பை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சின்ன டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு தட்டு. பக்கத்தில் ஒரு திருகு, அதன்மேல் சின்னச் சிவப்பு விளக்கு. அதில் கேக் சுடலாம், ரொட்டி வாட்டலாம், கோழியை முழுசாக வறுக்கலாம், ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணலாம். அடுப்பங்கரையில் அதற்கேற்ற பெரிய பிளக்கு கிடையாது. அதனால் முன்னறையில், ஜன்னல் ஓரத்து மேஜைமேல் வைத்தோம்.

கூடவே வந்த ஆங்கிலத் தாளை நான் பலமுறை படித்தேன். சுவரோடு ஒட்டி வைக்காதே, மேலே எதையும் போடாதே, ஈரக்கையால் தொடாதே, விட்டுவிட்டு வெளியே போகாதே. ஒரு சாமானைப் பற்றி இத்தனை ‘கூடாது’ எழுதுகிறவன், அதை ஏன் செய்து விற்கிறான் என்றுகூட எரிச்சல் வந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினால், “ஆஸ்பத்திரியில நான் பாக்காத மிஷினா? தாளை மடிச்சு வை” என்பார்.

அந்தத் தாளில் வேண்டாம் என்று போட்டிருந்தது எல்லாம் எங்கள் வீட்டில் ஒவ்வொன்றாக நடந்தது. தூசி படியாமல் இருக்க அக்கா பூப்பின்னல் போட்ட துணி ஒன்றை அதன்மேல் விரித்தார். முதல் கேக் வேகும்போதே அந்தத் துணி பழுப்பேறி, நடுவில் ஓட்டை விழுந்தது. கேக் உப்புகிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்தார்கள். அது பள்ளம் விழுந்து களிபோல வந்தது. கோழி நெய் சொட்டிவிடக் கூடாது என்று என் கணவர் கீழ்த்தட்டில் செய்தித்தாளை விரித்து வைத்தார். கருகுகிற வாசனை வந்ததும் நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

ஆனால் என்னை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அடைமழைக் காலத்தில் எங்கள் வீட்டில் உப்பு தண்ணீராகும், அப்பளம் துவண்டு போகும், எலி பிஸ்கட்டைத் தின்றுவிடும். கரண்ட் அடுப்பின் கதவோ இறுக்கமாக மூடும். ஒரு தரம் சமைத்தால் வெகுநேரம் உள்ளே கதகதப்பாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பு ஜாடி, அப்பளக் கட்டு, பிஸ்கட் டப்பா எல்லாம் அதற்குள் குடிபோய்விட்டன. “சும்மா கிடக்குற நேரம் அலமாரியா இருந்துட்டுப் போகுது” என்றார் அக்கா. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால் கதவைத் திறந்து, முழங்கைவரை உள்ளே நுழைத்து, இரண்டு தட்டையும் மூலை மூலையாகத் தடவிப் பார்ப்பேன். “கம்பெனி வாசல்ல நம்ம தம்பி சோதனை போடுற மாதிரியில்ல போடுறா” என்று அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பார். கொழுந்தனும் சிரிப்பார்.

என் மகனுக்கு முதல் பிறந்தநாள் அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீபாவளி சீசன், கூடவே விடாத மழை. சனிக்கிழமை மத்தியானமே கேக் போட்டுவிடலாம் என்று அக்கா லீவு எடுத்திருந்தார். நான் அடுப்பங்கரையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்து கிணற்றடியில் குளிக்கிற சத்தம் கேட்டது. கம்பெனியில் கூரை ஒழுகுகிறது, இன்றைக்கு வேலை நிறுத்தியாயிற்று என்று அங்கிருந்தே சொன்னார். முன்னறையில் குழந்தை மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று விளையாடிக்கொண்டிருந்தான். அக்கா கரண்ட் அடுப்பைச் சூடு பண்ணப் போனார்.

“அக்கா, உள்ள பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“அப்பளம், உப்பு, பிஸ்கட், அம்புட்டையும் எடுத்தாச்சும்மா பயந்தாங்கொள்ளி” என்று பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் தலையைத் துவட்டிக்கொண்டு முன்னறைக்குள் போவது தெரிந்தது. அப்புறம் துண்டு தரையில் விழுந்தது. குனிந்து குழந்தையை வாரி எடுத்தார், அப்படியே தெருவுக்கு ஓடினார். மழைக்குள் போய் நின்ற பிறகுதான் அவருக்குக் குரலே வந்தது.

“வெளிய வாங்க! மதினி, எக்கா, அம்புட்டுப் பேரும் வெளிய வாங்க!”

என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மழையில் ஓடுகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கையில் மாவோடு ஓடினேன். அக்கா பின்னால் திட்டிக்கொண்டே வந்தார். தெருவின் எதிர்ப்பக்கம் போன பிறகு கொழுந்தன் சொன்னார்: “அதுக்குள்ள திரி இருக்கு.”

மருந்து தோய்த்த பட்டாசுத் திரி. எங்கள் தெருவில் இதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. எட்டிப் பார்த்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். சிலர் வீட்டையே விட்டுவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடினார்கள். திறந்து கிடந்த கதவு வழியாக எங்கள் முன்னறை தெரிந்தது. மழை இருட்டில் அந்தச் சிவப்பு விளக்கு நன்றாகத் தெரிந்தது. அது எரிந்துகொண்டே இருந்தது. ஓடி வந்த அவசரத்தில் எங்களில் யாரும் அதை அணைக்கவில்லை.

கொழுந்தன் குழந்தையை என் கையில் கொடுத்தார். அக்கா அவர் சட்டை போடாத தோளைப் பிடித்து, “போகாதலே, வீடு போனாப் போகுது, நீ போகாத” என்றார். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

“சுவருக்கு அங்கிட்டு அடுத்த வீடுக்கா. அங்க ஆச்சி படுத்த படுக்கையா கெடக்காக.”

அவர் உள்ளே போனார். நான் என்ன செய்தேன் என்றால், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்காமல் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் முதுகு கூசியது. சத்தம் வரும், இப்போது வரும் என்று காது இரண்டும் காத்திருந்தன. முதல் வாரம் பார்த்த பெண்கள் ஏன் பேசவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாயைத் திறந்தால் சத்தம் கேட்டுவிடுமோ என்று இருந்தது.

சிவப்பு விளக்கு அணைந்ததாக அக்கா கத்தினார். அதோடு கொழுந்தன் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தோம். வரவில்லை. அணைத்தாலும் அந்தப் பெட்டி உடனே ஆறாது என்பது எங்களுக்குத் தெரியும், அதற்காகத்தானே அதில் அப்பளம் வைத்தோம். அப்புறம் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ விழுந்து ‘சுர்’ரென்று இரைந்தது. நான் குழந்தையின் மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டேன். தகரத்தட்டு தண்ணீரில் விழுந்த சத்தம்தான் அது.

வாசலுக்கு வந்தபோது அவர் இரண்டு கைகளையும் யாருக்கோ கொடுக்கப்போகிறவர் மாதிரி முன்னால் நீட்டியிருந்தார். துணி தேட நேரமில்லாமல் வெறுங்கையால் தட்டை இழுத்திருக்கிறார். உள்ளங்கைத் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா வாழ்நாள் முழுக்கத் தீப்புண்ணுக்குக் கட்டுப் போட்டவர். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். “மேல்தட்டைக் காலி பண்ணேனே, கீழ பாக்கலியே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரை ஒழுகியதால் திரிக்கட்டு நமுத்துவிடும், திங்கட்கிழமை லோடு போக வேண்டும் என்று, கம்பெனியின் அத்தனை சட்டத்தையும் மீறி, கொழுந்தன் அதை எண்ணெய்த்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். கொண்டு வந்தவர் கண்ட இடத்தில் வைக்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக, அன்றைக்கு மட்டும் குளிக்கப் போகுமுன் வாசல் வழியாக உள்ளே வந்து, எங்கள் கண்ணில் படாமல் வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறார். அடுப்பங்கரை கூடாது. சாமி படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி உண்டு. கட்டிலுக்கு அடியில் அரிக்கேன் விளக்கு இருக்கிறது. கடைசியில் கரண்ட் அடுப்பின் கீழ்த்தட்டில், பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“தீயே இல்லியே மதினி” என்றார் என்னிடம். “நெருப்பு இல்ல, பொறி இல்ல. வீட்டுலயே தீ இல்லாத இடம் அதுதான்னு நெனச்சேன்.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் கூடியது. தீயைக் கண்ணால் பார்த்து விலகுவதற்கு அவ்வளவு பழகிய மனிதரையே அது ஏமாற்றிவிட்டது. இனி யாரை நம்பி இந்த வீட்டில் படுப்பேன்?

என் கணவர் வந்ததும் கரண்ட் அடுப்பைக் குப்பைமேட்டில் போட்டுவிடலாம் என்றார். அக்கா அதற்குமேல் ஒரு படி போய் உடைத்துவிட்டுப் போடச் சொன்னார். நான்தான் மாட்டேன் என்றேன். அந்தப் பெட்டியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, பயத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வதா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து கேக் மாவை மறுபடி கலந்தேன். முட்டை ஓடு மாவுக்குள் விழுந்தது, பொறுக்கி எடுத்தேன்.

முன்னறைக்குப் போனபோது கொழுந்தன் எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார். கரண்ட் அடுப்பின் கதவு திறந்திருந்தது. அவர் வலது கையைத் தோள்பட்டைவரை உள்ளே நுழைத்துக் கீழ்த்தட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கை முழுக்க அக்கா போட்ட கட்டு. அந்தத் துணிக்குள் இருந்து அவருக்கு என்ன தெரியும்? அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“மதினி, நீங்க ஒருக்கப் பாருங்க” என்றார்.

கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றேன்.

“இன்னொருக்க.”

சிரிப்பதற்கு வீட்டில் அன்றைக்கு ஆள் இல்லை. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே தெருவில் போய் நின்றுவிட்டார். நான் மறுபடியும் கையை உள்ளே நுழைத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை அந்தக் காலித் தட்டைத் தடவிக்கொண்டே நின்றேன்.