கொத்தமல்லிக் கட்டோடு ஒரு கல்யாண ஒத்திகை

நேற்று முன்தினம் எனக்குக் கல்யாணம் ஆனது. முழுசாக இல்லை, கொஞ்சம்தான்!

(அம்மா, இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் உட்காருங்கள்.)

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கவிதா. மலேசியாவில் ஈப்போ. மங்களூரில் பல் மருத்துவம், கடைசி வருடம். மே மாதம் ஊர் திரும்புகிறேன்.

கிளம்பிய அன்று அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"படிக்கப் போற, சர்ட்டிபிகேட்டோட வா. மாப்பிள்ளையோட வந்து நிக்காத!"

இத்தனை வருடம் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

என் ரூம்மேட் ஸ்டெல்லாவுக்கு வீடு பெங்களூர் விவேக் நகரில். அவள் அண்ணன் விக்டருக்குக் கல்யாணம், வா என்றாள். போனேன். சத்தியமாகப் பிரியாணிக்காக மட்டும்தான் போனேன்!

கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கோயிலில் ஒத்திகை பார்க்க வேண்டும். (சர்ச்சைத்தான் கோயில் என்கிறார்கள்.) எங்கே நிற்பது, எப்போது முட்டி போடுவது, மோதிரம் எந்த விரலில், எல்லாம்!

எல்லோரும் வந்தாயிற்று. மாப்பிள்ளையும் பெண்ணும்தான் வரவில்லை.

விக்டர் டெய்லர் கடையில் இருந்தார். கோட்டுக்கு ஒரு கை இன்னும் வைக்கவில்லையாம். பெண் ஆஸ்டின் டவுனில் ஒரு பார்லரில். முகத்தில் பூசியது காயவில்லையாம்!

ஃபாதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆறு மணிக்கு ஜெபமாலை இருக்கு. யாராவது ரெண்டு பேர் பேகா வந்து நில்லுங்கப்பா. அவங்களுக்கு அப்புறம் சொல்லிக் குடுத்துக்கலாம்." (பேகா என்றால் பெங்களூர்த் தமிழில் சீக்கிரம்.)

மாப்பிள்ளை இடத்தில் பெஸ்ட்மேன் பிரகாஷ் போய் நின்றார். விக்டரின் சிநேகிதர், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே காது சிவந்துவிடும்.

பெண் இடத்தில்? ஸ்டெல்லா மணப்பெண் தோழி, அவளுக்கு வேறு இடம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கவி, நீ சும்மாதானே ஒக்காந்திருக்க?" என்றாள் ஸ்டெல்லா.

"நான் இந்து, லா!" (பதறினால் எனக்கு ஈப்போ 'லா' தானாக வந்துவிடும்.)

"ஒத்திகைக்கு ஞானஸ்நானம்லாம் கேக்க மாட்டாங்க. எழுந்திரு!"

கையில் பூச்செண்டு இருந்தால்தான் நடை சரியாக வரும் என்றார் ஃபாதர். ஸ்டெல்லாவின் அம்மா மார்க்கெட் பையைத் துழாவி ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்துக் கொடுத்தார். வேரோடு. மண்ணோடு!

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, கொத்தமல்லியைப் பிடித்துக்கொண்டு, பீடம் வரை நடந்தேன்.

"முழு மனசோட வந்திருக்கியாம்மா?" என்றார் ஃபாதர்.

"ஆமாம்!" என்றேன். அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன.

அடுத்து வாக்குறுதி. ஃபாதர் "விக்டராகிய நான்" என்று எடுத்துக் கொடுத்தார்.

பிரகாஷ் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிரகாஷாகிய நான், கவிதாவாகிய உன்னை..."

ஃபாதர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

(என் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்?!)

மோதிரத்துக்குப் பதில் அவருடைய பைக் சாவி வளையம். நல்ல இரும்பு வளையம். பதற்றத்தில் அழுத்திப் போட்டுவிட்டார்.

அது திரும்ப வரவில்லை!

அதற்குள் ஜெபமாலைக்கு வந்த பெண்கள் பின்னால் நிறைந்துவிட்டார்கள்.

"ஐயோ பாவம், பொடவகூட இல்லாம கட்டிக்குதுங்க. வீட்ல ஒத்துக்கல போல."

ஓர் அம்மா தன் தலையில் இருந்த மல்லிகையை எடுத்து எனக்கு வைத்துவிட்டார். "தைரியமா இரும்மா. கொழந்த பொறந்தா எல்லாம் சரியாயிடும்!"

பிரகாஷ் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றார். (தேங்க்ஸா?!)

சாவி என் விரலில். பைக்கை ஓட்ட முடியாது. ஹேண்டில் லாக் போடாதது நல்லதாகப் போயிற்று. ஸ்டெல்லா வீடு வரை அவர் தள்ள, நான் சாவி தொங்கும் கையோடு கூடவே நடந்தேன்.

வழியில் அவர் பேசிய முதல் வார்த்தை, "எனக்கு டென்டிஸ்ட்னா ரொம்ப பயங்க."

"வாயத் தொறங்க."

ஆட்டோ ஸ்டாண்ட் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பின்னால் ஒரு கடைவாய்ப் பல் சொத்தை. நான்கைந்து டிரைவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர் வாயை மூடவே இல்லை, நான் சொல்லும் வரை. அங்கேதான் விழுந்தேன். ஒரு சொத்தைப் பல்லில் விழுந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவியதும் வளையம் கழன்றது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

அவர் பெயர் மாற்றிச் சொன்னது பதற்றத்திலா, மனசாரவா? மே மாதம் நான் போய்விடுவேன். அதற்குள் தெரிந்தாக வேண்டும். ஆனால் இதை எப்படி ஒரு மனிதரிடம் கேட்பது?

நேற்று நிஜக் கல்யாணம். பிரகாஷ் கேக், நாற்காலி, ஜெனரேட்டர் என்று ஓடிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. (நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொள்ளுங்கள்.)

ராத்திரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் மங்களூர் பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"பூக்கடைக்குதாங்க போனேன். ரோஜாலாம் இருந்துச்சு. ஆனா நேத்து நீங்க புடிச்சிருந்தது இதுதானே?"

கொத்தமல்லிக் கட்டு!

"கோயில்ல பேரத் தப்பாச் சொன்னீங்களே?" என்று கேட்டேவிட்டேன்.

காது இரண்டும் சிவந்தன.

"தப்பாச் சொல்லலீங்க."

பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"மங்களூர் வாங்க! அந்தப் பல்ல நானே அடைக்கிறேன்!"

"வலிக்குமா?"

"ஒத்திகை பாத்துக்கலாம்!"

அம்மா, சர்ட்டிபிகேட் நிச்சயம் வரும். கூட வேறென்ன வரும் என்பதை ஃபோனில் பேசுவோம்.

இப்போது உங்கள் எல்லோரிடமும் ஓர் அவசரக் கேள்வி. ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மெஸ் அக்கா ரசத்துக்கு வேண்டும் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

கொத்தமல்லியை மே மாதம் வரை வாடாமல் வைத்திருப்பது எப்படி?