பன்னிரண்டு விரிப்புகள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு படுக்கை விரிப்பை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை. உதறி, பாதியாக்கி, நடந்து போய் என் முனைகளை அவள் கையில் கொடுத்தேன்.

"இப்ப நீ செஞ்சது பிரிங்கா, டேக்கா?" என்று கேட்டாள்.

"நீ நிக்கிற இடத்துக்கு வந்தா பிரிங். அங்கேருந்து போனா டேக். நீதான் பூஜ்யம், அங்கேருந்துதான் அளவு."

"அது வேலைக்குச் சேந்த அன்னிக்கே தெரியும், எஞ்சினியரம்மா."

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தாள். துணி காய்ந்ததா என்று புறங்கையால் பார்ப்பாள்; உள்ளங்கை வெந்து மரத்துப் போயிருந்தது.

பதினெட்டு வருடம் முன்பு, வார்டிலிருந்து பன்னிரண்டு அழுக்கு விரிப்புகளைச் சலவைக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். பதிவேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். 'எடுத்துட்டு வந்தேன்' என்று மனதில் சொல்லிப் பார்த்து, முதல் பாதியை மட்டும் எழுதினாள்: டுக், எடுத்தேன். அந்த மாதம் இருப்பைச் சரிபார்த்தபோது விரிப்புகள் குறைந்தன. அவளே எடுத்துப் போனதாக அவள் கையெழுத்தே அவளுக்கு எதிர்சாட்சி. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கோப்பில் ஏறியது. மேற்பார்வையாளர் பதவி இரண்டு முறை அவளைத் தாண்டிப் போனது.

அதன்பின் ஆங்கில வினைச்சொற்களை மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா ஏணி கேட்டு வந்தால், இரவல் வாங்கினால் பாரோ, இரவல் கொடுத்தால் லெண்ட் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். ஏணி ஏறவும் பரீட்சையா என்று அக்கா நொடிப்பாள்.

ஓய்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். அதற்குள் அந்த எச்சரிக்கையை நீக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். விரிப்பை மடித்த அன்று மாலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில் எக்ஸ்க்யூஸ் என்று போட்டிருந்தேன்.

"மன்னிக்கச் சொல்றியா?" என்றாள்.

"மரியாதைக்கும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

வியாழக்கிழமை நேரில் கொடுத்துவிடுவதாகச் சொல்லிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவள் எழவில்லை.

பத்து நாள் கழித்து அவள் கைப்பையைத் திறந்தேன். மனுவை அவளே இரண்டு பிரதி எழுதியிருந்தாள். கொண்டுவந்தேன் என்பதற்கான பிராட் சரியான இடத்தில் இருந்தது. கடைசி வரியில் என் சொல் இல்லை. என் பதிவைத் திருத்துங்கள் என்று எழுதியிருந்தாள். கரெக்ட். எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு பிரதியிலும் வியாழக்கிழமைத் தேதி. இரண்டாவதன் அடியில், அலுவலக முத்திரை வாங்குவதற்காகப் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தாள். அது காலியாக இருக்கிறது.